தம் கண்ணிலே சோதித்த காரல் கோலர்

உறுப்புக்கள் பலவற்றுள்ளும் கண்ணே தலைசிறந்தது என்பது யாவரும் ஒப்பிய உண்மை. அருமையுடைய பொருளைக் கண்ணென்றும், பெற்ற மகவைக் கண்மணியென்றும் நம் மொழியில் வழங்குகின்றோம். காவலின் சிறப்பைக் கூற வேண்டுமாயின் கண்ணைக் காக்கும் இமையையே உவமை சொல்லுகின்றோம். ஒரு சிறு மணற்றுகள் கண்ணிற் படுமாயின் இமை தானே மூடுகின்றது. நீர் தானே பெருகுகின்றது. கை தானே எழுகின்றது. அறிவு ஆணையிடுவதற்கு முன்னரே உடம்பு தன் காவற்றொழிலைச் செய்து முடித்துவிடுகின்றது. உறுத்தலும் எரிச்சலும் நமக்குத் துன்பமாகத் தோன்றினும் அவை கண்ணின் வாயில் காப்போர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், கண்ணில் நோய் புகுந்து, கத்தியெடுத்தே அதனைத் தீர்க்க வேண்டிய காலம் வருமாயின் அக்காவலே மருத்துவனுக்குப் பெருந்தடையாகின்றது. அத்தடையைச் சிறிது நேரம் விலக்கிவைக்கும் வழியை 1884 ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டியவர் காரல் கோலர் என்னும் இளைஞர். அவர் வரலாற்றை யாம் இங்கு எழுதப் புகுந்தமைக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. புதிய சரக்கொன்று கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு விளைக்குமா விளைக்காதா என்பதை யாருடைய கண்ணில், யாருடைய தோலில் இட்டு அறிவது? இவ்வினா நம் காலத்தும் ஓய்ந்தபாடில்லை. கோலரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு ஒரு விடையை, நூலால் அன்று, செயலால் காட்டி நிற்கின்றது.

இளமை

போஹிமியா நாட்டில் ஷூட்டன்ஹோபன் என்னும் சிற்றூர் ஒன்று உளது. இக்காலத்து அது செக் நாட்டில் சுஷிட்சே என்று வழங்குகின்றது. அவ்வூரில் 1857 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் காரல் கோலர் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பின்னர்க் குடும்பம் வியன்னா நகரிற் குடியேறிற்று. அந்நாளில் வியன்னா ஆஸ்திரியப் பேரரசின் தலைநகராக மட்டுமன்றி, மருத்துவக் கல்விக்கே தலைநகராகவும் விளங்கியது. பல நாட்டு மாணவரும் அந்நகரின் பொது மருத்துவமனையை நாடி வந்தனர்.

கோலர் முதலிற் சட்டம் பயிலத் தொடங்கினார். ஓராண்டில் அதனை விடுத்து மருத்துவத்தில் மனஞ்செலுத்தினார். மாணவராயிருந்தபோதே ஸ்திரிக்கர் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்று, கோழிக்கரு வளரும் முறையைப்பற்றி ஆராய்ந்து அறிஞர் மதிக்கத்தக்க முடிபுகளை வெளியிட்டார். 1882 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கண் மருத்துவமே அவர் விழைந்த துறை. அத்துறையில் உதவியாசிரியர் பதவியொன்றைப் பெற வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. அப்பதவியைப் பெறுதற்குப் புதியதொரு கண்டுபிடிப்பு வேண்டும் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார்.

கத்தியும் கண்ணும்

அக்காலத்துக் கண் அறுவையின் நிலையை இன்று நினைப்பினும் உள்ளம் நடுங்கும். ஈதரும் குளோரோபாரமும் 1846, 1847 ஆம் ஆண்டுகளிலேயே வழக்கிற்கு வந்துவிட்டன. ஏனைய அறுவைகளுக்கு அவை பேருதவி புரிந்தன. கண்ணுக்கோ அவ்வளவு பொருந்தவில்லை. மயக்கந்தெளியும் நோயாளி குமட்டி வாந்தியெடுப்பான். அவ்வதிர்ச்சியில் அப்போதுதான் கீறப்பெற்ற கண்ணிலிருந்து உள்ளிருப்பன பிதுங்கி வெளிவருதல் கூடும். மேலும், அறுவை செய்யும் மருத்துவர் இப்பக்கம் பார், அப்பக்கம் பார் எனக் கூறுவதற்கு ஏற்ப விழியைத் திருப்ப நோயாளி விழித்திருத்தல் வேண்டும். ஆதலால் கண்புரை அறுக்க வந்தோர் பலர் தம் கண்ணை நோக்கிக் கத்தி வருவதைத் தாமே கண்டுகொண்டு, பிறர் தம்மை இறுகப் பிடித்திருக்க, முழு உணர்வோடு அவ்வேதனையைத் தாங்கினர்.

இக்குறை கோலரின் உள்ளத்தை ஓயாது வருத்திற்று. உடம்பு முழுவதையும் மயக்காமல் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து உண்டோ என்று தேடினார். குளோரல், புரோமைடு, மார்பியா ஆகியவற்றை விலங்குகளின் கண்ணில் இட்டுப் பார்த்தார். ஒன்றும் பயன் தரவில்லை. முயற்சியைக் கைவிட்டாரேனும் வினாவைக் கைவிட்டாரில்லை.

கோகா இலை

தென்னமெரிக்காவின் மலைநாட்டு மக்கள் கோகா என்னும் செடியின் இலையை மென்று பசியையும் களைப்பையும் ஆற்றிக்கொள்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். அவ்விலையின் சத்தை 1860 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்துக் கோக்கேன் எனப் பெயரிட்டவர் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து ஆல்பர்ட் நீமன். அச்சரக்கு நாவிற் பட்டவுடன் நா மரத்துப்போவதையும் அவர் குறித்துவைத்தார். அதே ஆண்டில் நீமன் மற்றொரு பொருளைப்பற்றியும் எழுதினார். அதன் ஒரு துளி தோலிற் படினும் உடனே நோவு தோன்றாது. சில மணி நேரங் கழிந்தபின் கொப்புளம் எழும். புண் ஆறுவதற்கு நெடுநாளாகும். அப்பொருளே பின்னர் 1917 இல் முதல் உலகப் போரிற் கடுகு வாயு என்னும் பெயரோடு ஆயிரக்கணக்கான போர்வீரரின் தோலையும் கண்ணையும் எரித்தது. உணர்வை ஆற்றும் பொருளும் உடம்பைத் தீய்க்கும் பொருளும் ஒருவர் கையிலேயே, ஓராண்டிலேயே ஆராயப்பட்டன என்பது நினைத்து வியத்தற்குரியது. நீமன் 1861 இல், இருபத்தாறு வயதிலேயே, உயிர்துறந்தார்.

நா மரத்துப்போவதை அதன்பின் பலரும் கண்டனர். 1880 இல் அன்ரெப் என்னும் ருஷ்ய அறிஞர் தம் கையின் தோலுக்குள்ளேயே கோக்கேனைச் செலுத்தி, ஊசி குத்தினும் அவ்விடத்தில் உணர்வில்லாமையை அறிந்து எழுதினார். எனினும், அறுவைத் துறையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மரம் கனிந்து நின்றது. பறிக்கும் கையே இல்லை.

1884 இல் வியன்னா மருத்துவமனையிற் கோலரோடு பணியாற்றிய நண்பர் சிக்மண்டு பிராய்டு, பிற்காலத்தில் உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர், கோக்கேனைப்பற்றி ஆராயத் தொடங்கினார். அது களைப்பைப் போக்கி வலிமையூட்டுமா என்பதே அவர் ஆராய்ச்சி. கோலரும் அவருடன் அம்மருந்தை உட்கொண்டு, தசையின் வலிமையை அளக்கும் கருவியைப் பிடித்து உதவினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பிராய்டு தம் கட்டுரையை வெளியிட்டார். பின்னர்த் தமக்கு மணம்பேசியிருந்த நங்கையைக் காண வடஜெர்மனி சென்றார்.

அந்நாளில் ஒருநாள் உடன்பணியாளர் ஒருவர் சிறிதளவு கோக்கேனை நாவிலிட்டு, நா மரத்துப்போகின்றதே என்று வியந்தார். உண்டவர் யாவரும் அறிந்ததுதானே அது எனக் கோலர் விடையிறுத்தார். விடையிறுத்த அந்நொடியிலேயே அவர் உள்ளத்தில் மின்னல் ஒன்று பாய்ந்தது. ஆண்டுகள் பலவாகத் தாம் தேடித் திரிந்த மருந்து தம் சட்டைப்பையிலேயே கிடக்கின்றது என உணர்ந்தார். நேரே ஸ்திரிக்கரின் ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

தவளை, முயல், நாய், தாம்

ஆய்வுக்கூடத்தில் அப்போது கேர்ட்னர் என்னும் உதவியாளர் இருந்தார். அவர் கண்டு பிற்காலத்தில் எடுத்துரைத்ததையே யாம் ஈண்டுக் கூறுகின்றோம். கோலர் தம் பையிலிருந்து சிறு புட்டியை எடுத்து, அதிலிருந்த வெண்பொடியில் ஒரு சிறிது நீரிற் கரைத்தார். தொட்டியிலிருந்து துடிப்புள்ள பெரிய தவளையொன்றைப் பிடித்து, அதன் ஒரு கண்ணில் மட்டும் அக்கரைசலை இட்டார். சிறிது சிறிது நேரம் விட்டு ஊசிமுனையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். முதலில் தவளை துள்ளிற்று. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழிந்தபின் அது துள்ளவில்லை; தொடினும் கீறினும் அசையாதிருந்தது. மருந்திடாத மற்றைக் கண்ணை மெல்லத் தொட்டவுடனே வழக்கம்போல் துள்ளிற்று. ஒரு கண் சோதனைக்கு, மற்றைக் கண் சான்றிற்கு என்னும் இம்முறை எளிதாயினும் ஐயத்திற்கு இடந்தராத முறை.

அடுத்து முயல், அதனையடுத்து நாய். ஊசியால் தொடுதலோடு நில்லாது மின்சாரத்தாலும், வெள்ளி நைட்ரேட் என்னும் எரிகாரத்தாலும் கருவிழியைத் தாக்கிப் பார்த்தார். கருவிழி பால்போல் வெளுத்த பின்னும் விலங்கு நோவின் குறி காட்டவில்லை. இவ்வாறு வாயில்லா உயிர்களின் கண்கள் காயமுற்றன என்பதை யாம் மறைக்க விரும்பவில்லை. உண்மை வரலாறு எழுதுவோர் நல்லது மட்டும் கூறி அல்லதை விடுதல் முறையன்று.

ஆனால் கோலர் அவ்விடத்தே நின்றாரில்லை. விலங்கினிடம் கண்டது மனிதனிடமும் நிகழுமா என்பதை அறிதற்கு ஏழை நோயாளி ஒருவனைத் தேடவில்லை. அவரும் கேர்ட்னரும் ஒருவர் இமையை ஒருவர் தூக்கி அக்கரைசலை இட்டுக்கொண்டனர். பின்னர்க் கண்ணாடியை முன்வைத்து, குண்டூசியைக் கையிலெடுத்து, அதன் தலையால் தத்தம் கருவிழியைத் தொட்டனர். ஏறத்தாழ ஒரே நேரத்தில் இருவரும் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என மகிழ்ந்து கூவினர்.

நூற்றுக்கு இரண்டு பங்கு வலிமையுள்ள கரைசலின் இரண்டொரு துளி கண்ணில் விழுந்தவுடன் முதலிற் சிறிது எரிச்சல் தோன்றும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்திற்குள் அஃது ஆறிக் கண் உலர்ந்தாற்போன்ற உணர்வு வரும். பிறகு ஏழு முதல் பத்து நிமிடம் வரை கருவிழிக்கு உணர்வே இராது. பாவை சிறிது சிறிதாக விரியும். இவற்றைக் கோலர் முறைப்படி குறித்தார். சிறிது எரியும் என நோயாளிக்கு அவர் சொல்லக்கூடியவரானார். அஃது எத்துணை எரியும் என்பதைத் தாமே அறிந்தவராதலின், அச்சொல்லில் வஞ்சனை இல்லை.

புகழும் புறக்கணிப்பும்

1884 செப்டம்பர் 11 ஆம் நாள் நோயாளி ஒருவரின் கண்ணில் அம்மருந்தை இட்டு அறுவை நிகழ்ந்தது. நான்கு நாள் கழித்து, 15 ஆம் நாள், ஹைடல்பர்க்கு நகரிற் கண் மருத்துவர் பேரவை கூடிற்று. அங்குச் செல்லுதற்குரிய வழிச்செலவும் கோலரிடம் இல்லை. ஆகவே திரியெஸ்தே நகரத்து மருத்துவர் பிரெட்டாவர் என்பார் அவர் எழுதிய சிறு கட்டுரையை அவையிற் படித்தார். சில பக்கங்களே கொண்ட அவ்வறிக்கை சில வாரங்களுக்குள் உலகெங்கும் பரவிற்று. அக்டோபர் 17 ஆம் நாள் வியன்னா மருத்துவர் சங்கத்தில் கோலரே தோன்றித் தம் ஆராய்ச்சியை விரித்துரைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறே. அடுத்த ஆண்டிற் பிராய்டின் தந்தையாருக்குக் கண்ணில் அறுவை நேர்ந்தபொழுது கோலரே மருந்திட்டார். பிராய்டும் அருகிருந்து உதவினார்.

இத்துணைப் புகழ் பெற்றவருக்கு அவர் விழைந்த பதவி எளிதிற் கிட்டியிருக்கும் என எண்ணுதல் இயல்பே. நிகழ்ந்தது வேறு. 1885 ஜனவரித் திங்களில் மருத்துவமனையில் விரற்காயத்தோடு வந்த நோயாளி ஒருவனுக்கு இட்டிருந்த கட்டு அளவுக்குமீறி இறுகியிருப்பதைக் கண்டு, விரல் அழுகிவிடலாகாது எனக் கருதிக் கோலர் அதனைத் தளர்த்தினார். அதுபற்றி உடனிருந்த மருத்துவர் ஒருவருடன் பூசல் விளைந்தது. அவர் கோலரின் யூதப் பிறப்பைச் சுட்டிப் பலரறிய இழித்துரைத்தார். கோலர் அவரைக் கையால் அறைந்தார். இருவரும் படைத்துறைச் சார்புடையோராதலின், அக்கால வழக்கப்படி வாளேந்திப் பொருதனர். கோலர் ஊறின்றி மீண்டார்; எதிர்த்தவர் காயமுற்றார். அறைந்ததும் வாளெடுத்ததும் போற்றத்தக்கன என யாம் கூறோம். ஆயினும், பிறப்பை நோக்கி மனிதனை அளக்கும் சிறுமை, கிறிஸ்துவின் பெயரைத் தரித்த நாடொன்றிற் கற்றோரிடையேயும் வேரூன்றியிருந்ததை நாணத்தோடு நினையாதிருக்க இயலவில்லை.

அந்நிகழ்ச்சிக்குப்பின் வியன்னாவிற் கோலருக்கு வழி அடைபட்டது. ஹாலந்து நாட்டு உத்ரெக்டு நகரம் சென்று, தோண்டர்ஸ், ஸ்நெல்லன் ஆகிய புகழ்பெற்ற கண் மருத்துவரிடம் சில காலம் பணியாற்றினார். கண்ணாடி வாங்கச் செல்வோர் இன்றும் சுவரிற் காணும் எழுத்துப் பலகையை வகுத்தவர் அந்த ஸ்நெல்லனே. 1888 இற் கோலர் அமெரிக்கா அடைந்து நியூயார்க்கு நகரில் நிலைபெற்றார். மவுண்டு சைனாய் மருத்துவமனையிற் பணிபுரிந்தார். ஆயிரக்கணக்கானோருக்குக் கண்ணொளி அளித்தார். 1922 இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் ஹோ பதக்கம் என்னும் பரிசை முதன்முதல் அவருக்கே வழங்கிற்று. தாயகம் தராத சிறப்பை வந்தேறிய நாடு தந்தது.

மருந்தின் மறுபக்கம்

கோலர் கண்ட மருந்து தீங்கற்றதன்று. கோக்கேனைப் பன்முறை இடுவதாற் கருவிழி உலர்ந்து மங்குதலும் புண்படுதலும் உண்டு என்பது விரைவிலேயே தெரிந்தது. உடம்பினுட் செலுத்தியோர் சிலர் மாண்டனர்; சிலர் அதற்கே அடிமையாயினர். நரம்பில் அம்மருந்தைச் செலுத்தி அறுவைக்கு வழிகண்ட ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவ மேதையும் தம்மீதே சோதித்துச் சோதித்து அதன் வயப்பட்டார். தன்னைச் சோதனைப் பொருளாக்கல் வீரமேயாயினும், அஃது எல்லாவற்றிற்கும் தீர்வாகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று. பின்னர் 1905 முதல் புரோக்கேனும், அதன்பின் வேறு செயற்கை மருந்துகளும் வந்து கோக்கேனின் இடத்தைப் பெற்றன. மருந்து மாறினும் வழி கோலர் வகுத்ததே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? எரிச்சல் என்னும் வாயில் காப்போனை உறங்கச் செய்பவன் அவ்வாயிலில் தானே காவல் நிற்கக் கடமைப்பட்டவன். உணர்விழந்த கண் தன்னைக் காத்துக்கொள்ளாது. மருந்திட்டவரே அதனைக் காத்தல் வேண்டும்.

1944

1944 மார்ச்சு 21 ஆம் நாள், எண்பத்தாறு வயதிற் கோலர் நியூயார்க்கில் இயற்கை எய்தினார். அதே 1944 இல், அதே நாட்டில், கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் விளைக்கும் பொருள்களை அளந்தறியும் முறையொன்று வெளியாயிற்று. அரசாங்கத்தின் உணவு மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவர் துணைவரும் அதனை வகுத்தனர். அதற்குக் காரணமும் இரங்கத்தக்கதே. 1933 ஐ ஒட்டிய காலத்தில் இமைமயிருக்கு இடும் சாயமொன்றாற் பெண்ணொருத்தி இரு கண்ணும் இழந்தாள், மற்றொருத்தி உயிரிழந்தாள். அதனைத் தடுத்தற்குரிய சட்டம் அந்நாளில் இல்லை. 1938 இலேதான் வந்தது.

டிரெய்ஸ் முறையில் வெண்முயலின் ஒரு கண்ணில் சோதிக்கவேண்டிய சரக்கைச் சிறிது இடுவர். மற்றைக் கண்ணைச் சான்றிற்கு விடுவர். கருவிழி மங்குதல், சிவத்தல், வீங்குதல் ஆகியவற்றைப் பல நாள் நோக்கி எண்ணிட்டு அளப்பர். உச்ச அளவு 110. தோலுக்கு மயிர் மழித்த முதுகில் சரக்கைத் துணியிட்டு ஒட்டி, சிவப்பையும் வீக்கத்தையும் அளப்பர். மேனோக்காகப் பார்ப்பின் இது கோலர் தவளையிடம் கண்ட முறையே: ஒரு கண் சோதனைக்கு, மற்றைக் கண் சான்றிற்கு. ஆயினும், இரண்டிற்கும் இடையே மலையளவு வேறுபாடு உளது. கோலர் தேடியது நோவைப் போக்கும் துளி. ஈண்டு இடுவதோ நோவைத் தரவல்ல துளி. கோலரின் வரிசையில் தவளை, முயல், நாய் ஆகியவற்றின்பின் அவரும் நின்றார். இவ்வரிசையில் முயல் மட்டுமே நின்றது.

பல்லாண்டு இம்முறை உலகெங்கும் நடந்தது. 1980 முதல் அமெரிக்காவிற் பொதுமக்களின் கண்டனக் குரல் வலுத்தது. அறிஞரும் மாற்றுவழி தேடினர். இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாட்டின் கண்ணிலும் கோழியின் கண்ணிலும் சோதிக்கும் முறைகள் 2009 இலும், மனித உயிரணுக்களைக்கொண்டு வளர்த்த தோலிற் சோதிக்கும் முறை 2010 இலும் பல நாடுகள் கூடிய அமைப்பால் ஏற்கப்பட்டன. அழகுப் பொருள்களை விலங்கினிடம் சோதித்தலை நம் நாடும் 2014 இல் தடைசெய்தது. வேறு வழியின்றி முயலையே நாட நேரிடுமாயின், முன்னதாக அதன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தை இடல் வேண்டும் என 2012 இல் திருத்திய விதி கூறுகின்றது. 1884 இல் முயலின் கண்ணைக் கருவியாகக்கொண்டு மனிதன் பெற்ற நன்மை, நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அம்முயலினத்திற்கே கடனாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

முடிவுரை

நம் முன்னோர் இரக்கத்திற்கு இட்ட பெயர்களுள் ஒன்று கண்ணோட்டம் என்பது. பிறர் துன்பத்தின்மேல் தன் கண் சென்று படிதலே அச்சொல்லின் பொருள். கண்ணையே ஆராய்ந்த ஒருவர் வரலாற்றை எழுதுங்கால் அச்சொல் எம் நினைவிற்கு வந்தது இயல்பே. ஆய்வுக்கூடத்திற்கு நாள்தோறும் செல்லும் எம் அறிவியல் மாணவ நண்பர்க்கு யாம் கூற விரும்புவது ஒன்றே. புட்டியிலிருந்து துளியொன்றை எடுக்குமுன், அது விழப்போகும் கண் யாருடையது என நினைமின். அத்துளியைத் தம் கண்ணில் இட நாம் துணிவோமா என உசாவுமின். அவ்வினாவிற்கு அஞ்சாது விடையிறுத்தமையாற்றான் காரல் கோலரின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கின்றது.